கூட்டி வைத்த முற்றம்

எங்கள் ஊருக்கு யாராவது வருகிறார்கள் என்றால் முதலில் அசைவது விளக்குமாறுதான். அதற்குப் பிறகுதான் அடுப்பு. ஆயர் வந்தாலும் சரி, பங்குச் சுவாமி வீடு மந்திரிக்க வந்தாலும் சரி, பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்தாலும் சரி, கடற்கரையிலிருந்து வெள்ளை மணல் அள்ளி வந்து பாதை முழுக்கப் பரப்பிவிடுவோம். திருநாளுக்கு மாதாவின் சுருவம் சுற்றி வருகிற பாதையில் ஒரு சருகு கிடந்தால் போதும், அந்த வீட்டுக்காரிக்கு அடுத்த திருநாள் வரைக்கும் பேச்சு விழும். வந்தவர் போகும்போது "துப்புரவான சனம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எங்களுக்கு அன்றைக்குச் சோறே வேண்டாம்.

அந்த ஊரிலேயே மோசமான ஆள் நான். எனக்கு இருப்புக் கொள்ளாது. யாரோடாவது கதைத்துக்கொண்டிருக்கும்போதே எழும்பிப் போய் ஒரு சட்டியை நகர்த்தி வைப்பேன், கொடியில் கிடக்கிற துணியைத் திருப்பிப் போடுவேன். என் மனுசன் கடலால் வந்து இடுப்பில் கட்டிய சாரத்தை உதறினால் அவர் உதறி முடிப்பதற்குள் கீழே விழுந்த மணலைக் கூட்டிவிடுவேன். "நீ செத்தாலும் பெட்டிக்குள்ள இருந்து எழும்பிக் கூட்டுவாய்" என்பார் அவர். மாதர் சங்கத்துக்கு என்னைச் செயலாளராகப் போட்டதும் இதற்காகத்தான். எழுதத் தெரியும், சும்மா இருக்கத் தெரியாது.

இந்தக் குணத்தால்தான் எங்கள் குறிச்சியின் முப்பது வீடுகளுடைய தலையிலும் நானே மண்ணை அள்ளிப் போட்டேன். அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். கோபிக்கிறவர்கள் கோபிக்கட்டும்.

எங்கள் குறிச்சி மன்னார்த் தீவின் கரையில், பனங்காணிகளுக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிறது. மாரியில் பெய்கிற மழை பனங்காணிகளால் இறங்கி வந்து, என் வேலிக்குப் பின்னால் இருக்கிற பள்ளத்தால் ஓடிக் கடலுக்குப் போகும். அது யாரும் வெட்டிய வாய்க்கால் இல்லை. எந்த வரைபடத்திலும் கிடையாது. ஆனால் அந்தப் பள்ளத்தில் ஒருவரும் வேலி போடுவதில்லை, கிணறு தோண்டுவதில்லை. சண்டைக் காலத்தில் ஊரை விட்டு ஓடி, வருடக்கணக்காக எங்கெங்கோ கிடந்துவிட்டுத் திரும்பி வந்து வீட்டுத்திட்டத்தில் வீடு கட்டியபோதும், அந்தப் பள்ளத்தை விட்டுவிட்டுத்தான் அத்திவாரம் வெட்டினோம்.

அதற்குப் பிறகு இறால் வளர்க்கிற கம்பனி ஒன்று வந்தது. பெயர் வேண்டாம். பண்ணைக்கு லொறி போக வேண்டும் என்று எங்களுக்கும் கடலுக்கும் நடுவில் கிரவல் மண் கொட்டி, ஆள் நெஞ்சுயரத்துக்கு ஒரு தெரு போட்டார்கள். தண்ணீர் போக ஒரே ஒரு குழாய் வைத்தார்கள். அதைப் பள்ளத்தில் வைத்தார்களா? இல்லை, மேட்டில் வைத்தார்கள். ஆவணி வெயிலில் வந்து, தரையெல்லாம் காய்ந்து கிடந்தபோது பார்த்து வைத்த குழாய் அது. அதற்குள் போக வேண்டுமென்றால் தண்ணீர் முதலில் ஏணி வைத்து ஏற வேண்டும். "தம்பி, தண்ணி இஞ்சால போறதில்லை, அங்கால" என்று நான் கையைக் காட்டிச் சொன்னேன். தொப்பி போட்ட பொடியன் சிரித்துவிட்டு, "பிளானில இஞ்சதான் இருக்குது அக்கா" என்றான்.

முதல் மாரியிலேயே விளங்கிவிட்டது. ஐப்பசியில் வந்த தண்ணீர் தை பிறந்தும் போகவில்லை. மலசலகூடக் குழிகள் நிரம்பி மேலே வந்து, குழித் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் ஒன்றாயின. கருவாடு காயப்போடுகிற பரணின் கால்கள் உக்கி விழுந்தன. பிள்ளைகளுக்குக் கால்விரல் இடுக்கெல்லாம் புண். நான் சமைக்கிற குசினிச் சுவரின் கீழ் மூலையிலிருந்து ஒரு வெடிப்புக் கிளம்பியது. அது எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கக் கரிக்கட்டியால் கோடு போட்டு வைப்பேன். மாரிக்கு மாரி என் கோட்டைத் தாண்டி ஏறும். அந்தத் தெருவால் நன்மை கண்டவை ஊர்க் கழுதைகள் மட்டுந்தான். அதுகள் மாரி முழுக்கக் கால் நனையாமல் தெருவின் மேல் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

நாங்கள் எழுதாத கடிதம் இல்லை. கம்பனிக்கு எழுதினால் "அரசாங்கக் கந்தோர் அனுமதி தந்தது" என்றார்கள். கந்தோருக்குப் போனால் "தெரு எங்களுடையதில்லை" என்றார்கள். இப்படியே மூன்று மாரி போயிற்று.

நாலாவது மாரி தொடங்கியிருந்தபோது கிராம சேவகர் ஒரு செய்தியோடு வந்தார். கொழும்பில் ஒரு அமைச்சு புதிதாக ஒரு கொள்கை எழுதுகிறதாம். அபிவிருத்தி என்று வந்த வேலைகளால் தண்ணீரும் காற்றும் நிலமும் கெட்டுப்போன சனத்துக்கு என்ன நியாயம் செய்வது, வேலை தொடங்க முதல் யாரைக் கேட்பது என்றெல்லாம் அதில் வருமாம். அதற்காக ஒரு குழு கரையோர ஊர்களுக்குப் போய் நேரில் பார்க்கிறதாம்.

"அவை கண்ணால கண்டு எழுதினாத்தான் உங்கட குறிச்சி பாதிக்கப்பட்ட இடமெண்டு பட்டியலில ஏறும்," என்றார் கிராம சேவகர். "ஏறினா மதகு கேக்கலாம். ஏறாட்டி நீங்கள் இன்னும் நூறு கடிதம் எழுதினாலும் அது கந்தோர் அலுமாரிக்குள்ளதான் கிடக்கும்."

எங்களுக்கு வேண்டியதும் அந்த மதகு ஒன்றுதான். தெருவுக்குக் கீழே, பள்ளம் இருக்கிற இடத்தில், தண்ணீர் குனியாமல் நிமிராமல் கடலுக்குப் போக ஒரு மதகு.

"எப்ப வருகினம்?" என்று கேட்டேன்.

"வெள்ளிக்கிழமை."

அன்று புதன்கிழமை. எனக்கு அந்த நிமிடமே கை துறுதுறுக்கத் தொடங்கிவிட்டது. கொழும்பிலிருந்து பெரியவர்கள் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வரப்போகிறார்கள். கோயில் மண்டபத்துக்கு வருகிற பாதையில் முழங்காலளவு தண்ணீர் நிற்கிறது. அதுவும் என்ன தண்ணீர்! அதில் மிதப்பதை வாயால் சொல்ல முடியாது. அதற்குள்ளாலா அவர்களை நடத்திக் கூட்டிவருவது? மாதாவே, நினைக்கவே எனக்கு உடம்பு கூசியது. உடனே நானாட்டானில் வயல் செய்கிற என் தம்பிக்குப் போன் போட்டு, தண்ணீர் இறைக்கிற மிசினை லாண்ட்மாஸ்டர் உழவு வண்டியில் ஏற்றிக்கொண்டு வரச் சொன்னேன்.

பக்கத்து வளவில் என் மச்சாள் இருக்கிறாள், என் மனுசனின் அக்கா. அவள் வேலிக்கு மேலால் தலையை நீட்டி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"ஏனடியப்பா, தண்ணிய இறைச்சுப்போட்டா அவை எதைப் பாக்கப் போயினம்?"

"ஏன், எங்களுக்கு வாயில்லையே? வாயால சொல்லுவம்."

"வாயால சொல்லுறதெண்டா அவை கொழும்பில இருந்துகொண்டே கேக்கலாமே."

"மச்சாள், வீண் விடுப்புக் கதைக்காமல் ஒரு விளக்குமாறு எடுத்துக்கொண்டு வாங்கோ."

அவளும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அதுதான் எங்கள் ஊர். சரியான கேள்வியைக் கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் கூட்டத் தொடங்கிவிட்டாள்.

வியாழன் முழுக்க மிசின் ஓடியது. மிசின் குழாயைத் தெருவுக்கு மேலால் போட்டு, கோயிலடியில் நின்ற தண்ணீரையும் என் வளவுப் பக்கத்துத் தண்ணீரையும் கடல் பக்கம் இறைத்தோம். மழையும் எங்களுக்கு உபகாரம் செய்கிறேன் என்று நின்றுவிட்டது. பின் வளவுகளில் மிஞ்சிய தண்ணீர் திரும்பி வராமல் மண்மூட்டை அடுக்கி, அது கண்ணில் படாமல் தென்னோலைக் கிடுகு கட்டி மறைத்தோம். சேற்றுக்கு மேல் இரண்டு டிராக்டர் பெட்டி வெள்ளை மணல் பரப்பினோம். குருத்தோலைத் தோரணம் கட்டினோம். வெள்ளி காலையில் நான் ஒருமுறை நடந்து பார்த்தேன். பளிச்சென்று இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை, வெட்கத்தை விட்டு உண்மையைச் சொல்கிறேன்.

குழுவில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் தலை நரைத்த பெரியவர், சிங்களம் மட்டும் தெரிந்தவர். மற்றது ஒரு இளம் பெண். தமிழ்ப் பிள்ளை, மொழிபெயர்ப்பதும் எழுதுவதும் அவள்தான். பெரியவர் தோரணத்துக்குக் கீழே நின்று நாலு பக்கமும் பார்த்து, "லஸ்ஸனய்" என்றார். அழகாக இருக்கிறதாம். எங்கள் எல்லோருக்கும் வாயெல்லாம் பல். அவர் போனை எடுத்துப் படமும் பிடித்தார்.

சுறாப் புட்டும் மீன் பொரியலும் பரிமாறியிருந்தோம். பெரியவர் இரண்டு கவளம் சாப்பிட்டுவிட்டு, "உங்களுக்கு இங்கே என்ன குறை?" என்று அந்தப் பிள்ளை மூலமாகக் கேட்டார். கோயில் மூப்பர் எழும்பி நின்று, கையைக் கட்டிக்கொண்டு, "கடவுளே எண்டு ஒரு குறையுமில்லை ஐயா, நல்லா இருக்கிறம்" என்றார். அட கடவுளே! சாப்பிடுகிற விருந்தாளியிடம் வேறு எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியாது. அந்தப் பிள்ளை அதையும் எழுதினாள்.

நான் பாய்ந்து எழும்பினேன். தெருவைப் பற்றி, குழாயைப் பற்றி, பள்ளத்தைப் பற்றி ஒரே மூச்சில் சொன்னேன். "காட்டுங்கோ" என்றார்கள். கூட்டிப் போனேன். பள்ளம் இருந்த இடத்தில் வெள்ளை மணல் வெயிலில் மின்னியது.

"தண்ணி எங்க?" என்று பெரியவர் கேட்டார்.

"இஞ்சதான் நிண்டது. நாங்கள் இறைச்சுப்போட்டம்."

பெரியவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, ஒரு பிள்ளையின் கதையைக் கேட்டுச் சிரிக்கிற மாதிரி. "என்ர குசினிச் சுவரைப் பாருங்கோ" என்று இழுத்துக்கொண்டு போனேன். சுவர் வெள்ளையாக இருந்தது. வெடிப்பை மண்ணால் அடைத்து, அதற்கு மேல் நீலம் கலந்த சுண்ணாம்பை முதல் நாள் நானே பூசியிருந்தேன். கரிக் கோடுகளும் போய்விட்டன. அவர்களுக்கு முன்னால் நான் சுவரைக் கையால் தடவித் தடவி வெடிப்பைத் தேடினேன்.

"அக்கா, இது எப்ப பூசினது?" என்று அந்தப் பிள்ளை மெல்லக் கேட்டாள்.

"நேற்று."

அவள் பேனையை மூடினாள். என்னை ஒருமுறை பார்த்தாள். அந்தப் பார்வைதான் பிறகு நெடுநாள் என்னைப் படுக்க விடவில்லை.

ஞாயிறு பூசை முடிவதற்குள் மழை திரும்பி வந்தது. செவ்வாய் பார்த்தால் வெள்ளை மணல் இருந்த இடம் தெரியவில்லை, தண்ணீர் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. புதுச் சுண்ணாம்பைப் பிளந்துகொண்டு வெடிப்பும் வெளியே வந்தது.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. கிராம சேவகரின் சைக்கிள் சத்தம் கேட்டால் படலைக்கு ஓடுவேன். சோறு வடிக்கிற நேரத்தில் அடுப்பை விட்டுவிட்டுத் தெருவில் ஏறி, கழுதைகளுக்கு நடுவில் நின்று கந்தோர் ஜீப் வருகிறதா என்று பார்ப்பேன். இரண்டு மாதம் கழித்துக் கொள்கையின் முதல் வரைவு தமிழில் வந்தது, சனம் வாசித்துக் கருத்துச் சொல்வதற்காக. கிராம சேவகர் கொண்டு வந்து தந்தார். தந்துவிட்டு, நான் வாசிக்கும் வரைக்கும் நிற்காமல் சைக்கிளில் ஏறிவிட்டார்.

பாதிக்கப்பட்ட ஊர்களின் பட்டியல் பின்னால் இருந்தது. மேலிருந்து கீழே வாசித்தேன், கீழிருந்து மேலே வாசித்தேன். நாங்கள் இல்லை. ஆனால் நடுவில் ஒரு பக்கத்தில் எங்கள் படம் இருந்தது. தோரணம், வெள்ளை மணல், பின்னால் கோயில், ஒரு ஓரத்தில் என் செருப்பு. கீழே எழுதியிருந்தார்கள்: "சமூகத்தினரால் நன்கு பராமரிக்கப்படும் கரையோரக் குடியிருப்பு."

மனுசன் அதைப் பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்துவிட்டது. நான் கையில் இருந்த பனையோலைப் பெட்டியை அவர் மேல் எறிந்தேன். இதைவிடக் கொடுமை என்ன தெரியுமா? ஊரில் பாதிச் சனத்துக்கு அந்தப் படம் பிடித்துவிட்டது. முழங்காலளவு தண்ணீரில் நின்றுகொண்டு, "எங்களுக்கும் ஒரு பிரதி எடுத்துத் தாங்கோவன், பிறேம் போட்டுக் கொழுவ" என்று கேட்டார்கள். மூப்பர் வீட்டில் அது இன்றைக்கும் திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது.

வரைவைப் பற்றிக் கதைக்கிற கூட்டம் மன்னார்க் கச்சேரியில், மாவட்டச் செயலகத்தில், வைத்தார்கள். நான் வெளிக்கிட்டபோது மனுசன் படலையில் நின்றார்.

"போய் என்ன சொல்லப் போறாய்? நாங்கள் பொய்யர் எண்டோ?"

"ஓம்."

மச்சாளும் என்னோடு வந்தாள். மண்டபத்தில் கரையோர ஊர்களின் சனம் நிறைய இருந்தது. எனக்குப் பக்கத்துக் கதிரையில் சிலாவத்துறைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு முஸ்லிம் பெண். என்னைவிடச் சின்னவள். அவளுடைய ஊருக்குப் பக்கத்தில் கிரவல் தோண்டுகிறார்களாம், லொறி ஓடி ஓடித் தூசியாம். "கழுவிக் கவுத்து வச்ச கிளாஸ்ல பின்னேரம் விரலால கோடு கீறலாம் அக்கா. பிள்ளைகளுக்கு ஒரே இழுப்பு" என்றாள். அவளுடைய ஊரும் பட்டியலில் இல்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

கோட் போட்ட ஒருவர் கொள்கையைப் பந்தி பந்தியாக வாசித்தார். நான் மூன்று தரம் எழும்பினேன். மூன்று தரமும் அவள் என் சீலையைப் பிடித்து இழுத்து, "இரிங்க அக்கா, உங்கட முறை இன்னும் வரல்ல" என்றாள். நாலாவது தரம் முறை வந்தது. ஒலிவாங்கியைக் கையில் தந்ததும் நான் யோசித்து வைத்திருந்த வசனமெல்லாம் போய்விட்டது.

"அந்தப் படத்தில இருக்கிறது எங்கட ஊரில்லை," என்றேன். "அது நாங்கள் போட்ட நாடகம். நீங்கள் வருவியள் எண்டு தண்ணிய இறைச்சு, கிடுகு கட்டி மறைச்சு, மணல் போட்டது நான்தான். அந்த வெள்ளை மணலுக்குக் கீழ இருக்கிறது எங்கட மலசலகூடத் தண்ணி. அதுக்குள்ளாலதான் எங்கட பிள்ளையள் பள்ளிக்கூடம் போகுதுகள். உங்களுக்குக் காட்ட வெக்கமாயிருந்தது. அதாலதான் மறைச்சனாங்கள்."

முன்வரிசையில் இருந்த எங்கள் மூப்பர் கைலேஞ்சியால் முகத்தை மூடிக்கொண்டார். வெளியே வந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஊர் மானத்தைக் கச்சேரியில கொண்டுவந்து கொட்டிப்போட்டியே!"

"வேற எங்க கொட்டுறது மூப்பர்? எங்கட குழியெல்லாம் நிரம்பிப்போச்சு."

மச்சாள் சிரித்த சிரிப்பில் பஸ் தரிப்பில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரில் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்காதவர்கள் கன பேர் இருப்பார்கள் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

நாங்கள் பஸ்ஸுக்கு நின்றபோது எழுதுகிற அந்தப் பிள்ளை ஓடி வந்தாள். "அடுத்த பெரிய மழைக்கு நான் தனிய வாறன் அக்கா. முதல் நாள்தான் சொல்லுவன். ஒண்டும் செய்யாதேங்கோ."

ஒன்றும் செய்யாமல் இருப்பது! அதைவிடக் கஷ்டமான வேலை எனக்கு யாரும் தந்ததில்லை.

அவள் சொன்னபடி அடுத்த ஐப்பசியில், மழை விடாமல் பெய்த ஒரு கிழமையில் செய்தி வந்தது. மழையைக் கண்டு தம்பி தானாகவே கொண்டு வந்திருந்த மிசினை நான் முதலில் நானாட்டானுக்கே திருப்பி அனுப்பினேன். பிறகு என் வீட்டில் இருந்த மூன்று விளக்குமாற்றையும் மச்சாளிடம் கொடுத்து, அலுமாரிக்குள் வைத்துப் பூட்டச் சொன்னேன். "நான் கேட்டாலும் சாவியைத் தராதேங்கோ" என்றேன். அடுத்த நாள் காலையில் நான் போய்க் கேட்டேன்.

"மச்சாள், ஒரு நிமிசம். வாசற்படி மட்டும்."

"போடி அங்கால."

மனுசனுக்குப் பொறுக்கவில்லை. "வீட்டுக்கு வாற பிள்ளையை இந்த ஊத்தைக்குள்ளால நடத்துறது எந்த ஊர் நியாயம்?" என்று கத்தினார்.

"நாங்கள் அஞ்சு மாரியா நடக்கிறம். அது எந்த ஊர் நியாயம்?"

அவர் வெளியே போனார். கடலுக்குப் போய்விட்டார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் பின் வளவில் கத்திச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், போன தரம் கட்டி, பிறகு அவிழ்க்காமலே விட்டிருந்த கிடுகு மறைப்பை வெட்டிச் சாய்த்துக்கொண்டிருந்தார். என்னைத் திரும்பியே பார்க்கவில்லை. எனக்கு அந்த மனுசனைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது.

அந்தப் பிள்ளை காற்சட்டையை முழங்காலுக்கு மேல் மடித்து, சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, தண்ணீருக்குள் இறங்கி வந்தாள். வழியில் மிதந்தவற்றைக் கண்டு இரண்டு இடத்தில் நின்றாள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வைக்கிற ஒவ்வொரு அடிக்கும் என் உடம்பு கூசியது. ஓடிப்போய் அவளைத் தூக்கிக்கொண்டு வரலாமா என்றுகூட நினைத்தேன்.

வீட்டுக்குள்ளும் கணுக்காலளவு தண்ணீர். கதிரையின் கால்கள் தண்ணீருக்குள் நின்றன. "இருங்கோ" என்று சொல்லிக்கொண்டே என் கை தன்பாட்டில் சீலைத் தலைப்பால் கதிரையைத் துடைக்கப் போனது. அவள் என் கையைப் பிடித்து, "விடுங்கோ அக்கா" என்றாள். கால்களைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தண்ணீர் எத்தனை மாதம் நிற்கும், எங்கிருந்து வரும், எங்கே போக வேண்டும், குழாய் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, எல்லாம் கேட்டு எழுதினாள். வெடிப்பில் புதிதாக நான் வைத்திருந்த கரிக் கோடுகளைப் படம் எடுத்தாள்.

நான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். பவுசர் லொறியில் வந்த தண்ணீரில்தான் போட்டேன், கிணற்றுத் தண்ணீரில் இல்லை. ஆனால் அவள் கிணற்றைப் பார்த்துவிட்டாள். கிளாசை வாய் வரைக்கும் கொண்டு போய்விட்டுத் திரும்ப மடியில் வைத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா. ஏலாமக் கிடக்குது."

என் வீட்டில் தேத்தண்ணி குடிக்காமல் போன முதல் ஆள் அவள்தான். நான் கிளாசை வாங்கிக்கொண்டு குசினிக்குள் போய் அழுதேன். அந்தக் கிளாசைக் கழுவாமல் அப்படியே கொண்டுபோய் அவள் முன்னால் வைத்து, "இதையும் எழுதுங்கோ" என்றேன். எழுதினாள்.

அடுத்த வருடம் கொள்கை அச்சாகி வந்தது. பட்டியலில் எங்கள் குறிச்சி இருந்தது. உள்ளே ஒரு பந்தி இருந்தது. தாழ்வான கரையோர நிலங்களில் தெருவோ பண்ணையோ குழியோ தொடங்க முதல், அங்கே இருக்கிற சனத்தைக் கேட்க வேண்டும். தண்ணீரும் தூசியும் எங்கே போகும் என்பதை, அவை வருகிற பருவத்திலேயே வந்து கண்ணால் பார்க்க வேண்டும். இதுதான் அந்தப் பந்தியின் சாரம். அது என் வீட்டுத் தண்ணீருக்குள் கால் வைத்து எழுதிய பந்தி. நான் அதை மச்சாளுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். பத்துத் தரமாவது வாசித்திருப்பேன். மூப்பர்கூட வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "ம்" என்றார்.

உடனே மதகு கேட்டு எழுதினோம். இந்த முறை பதில் கெதியாக வந்தது. கொள்கை வெளியான பிறகு தொடங்குகிற வேலைகளுக்கே அது பொருந்தும். எங்கள் தெரு முந்தியது. பழைய வேலைகளைப் பற்றிப் பின்னர் ஆராயப்படும்.

நான் கடதாசியைக் கசக்கி எறிந்தேன். பிறகு எடுத்து விரித்தேன். பிறகு திரும்ப எறிந்தேன். என் வெட்கத்தையெல்லாம் தெருவில் போட்டு, யாரோ முகம் தெரியாத சனத்துக்கு மதகு வாங்கிக் கொடுத்திருக்கிறேனா? மாரி வந்தது. தண்ணீரும் வழக்கம்போல வந்து, வழக்கமான இடத்தில் நின்றது.

மழை விட்டு வெயில் எறித்தும் தண்ணீர் வற்றாத ஒரு தை மாதக் காலை, குசினியில் கணுக்காலளவு தண்ணீரில் நின்று மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கச்சேரியில் எனக்குப் பக்கத்தில் இருந்த சிலாவத்துறைப் பக்கத்துப் பெண். பின்னால் ஒரே ஆரவாரம், வாளிச் சத்தம்.

"அக்கா, இஞ்ச இன்னொரு குழி தோண்டப் போறாங்களாம், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துல. ஆனா தோண்ட முந்தி வந்து பாக்கணுமாம், எங்களக் கேக்கணுமாம். புதுக் கொள்கையில இருக்காம். இண்டைக்கு வாராங்க. இப்ப இருக்கிற குழியால எவ்வளவு தூசி எண்டு பாத்துட்டுத்தான் முடிவாம்."

"நல்லது, நல்லது," என்றேன். "அதென்ன சத்தம்?"

"ஊரே கழுவுதுக்கா. பெரிய ஆக்கள் வாராங்க எண்டு கதவு, சன்னல், கூரை எல்லாத்தையும் கழுவுறாங்க. தெருவுக்குத் தண்ணி அடிக்கிறாங்க. நானும் விடியத்தில இருந்து தும்புத்தடியோடதான் நிக்கிறன். கிளாஸெல்லாம் கழுவி..."

"கீழ போடுங்கோ!"

நான் கத்திய கத்தலில் மனுசன் வெளியிலிருந்து ஓடி வந்துவிட்டார்.

"என்னக்கா?"

"தும்புத்தடியைக் கீழ போடுங்கோ. தண்ணி அடிக்கிறவையை ஓடிப்போய் நிப்பாட்டுங்கோ. கிளாஸை வெளியில வையுங்கோ. லொறி போகட்டும், தூசி படியட்டும். அவை வந்தோடன அந்தக் கிளாஸிலேயே தேத்தண்ணி குடுங்கோ."

"அல்லாஹ்வே! வீட்டுக்கு வந்தவங்களுக்கு எப்பிடிக்கா அப்பிடிக் குடுக்கிற?"

"எப்பிடியோ குடுங்கோ பிள்ளை. கை நடுங்கும். நடுங்கட்டும். குடுங்கோ."